சிங்கப்பூர் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறேன்: உடம்பு, நோய் பற்றிய சீனச் சொற்களை எப்படிப் படிப்பது?

கண்டனூர் செவிலி கேட்கிறார்:

வணக்கம். எனக்குக் காரைக்குடி பக்கம் கண்டனூர். நர்சிங் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு பார்க்கிறேன். இப்போது சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் எய்டு வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்ததும் திருச்சியில் விமானம் ஏற வேண்டியதுதான்.

ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று ஏஜென்ட் சொல்கிறார். அங்கே வேலை பார்க்கும் என் சீனியர் வேறு மாதிரி சொல்கிறார். நாட்டில் நான்கில் மூன்று பேர் சீனர்கள், இல்லத்தில் இருக்கும் எண்பது வயதுக்காரர்கள் பலருக்கு ஆங்கிலம் வராது, ராத்திரி டூட்டியில் யாராவது கூப்பிட்டு ஏதாவது சொன்னால் மொழி தெரிந்தவரைத் தேடி ஓட வேண்டும் என்கிறார்.

யூடியூபில் தேடினால் உடல் உறுப்புகள், நோய்ப் பெயர்கள் என்று நீளநீளமான பட்டியல்களாக வருகின்றன. நுரையீரல், மண்ணீரல், கணுக்கால் எல்லாம் இருக்கிறது. கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதி வைக்கிறேன். ஆனால் வயிற்றுக்கும் வாந்திக்கும் நோட்டில் ஒரே எழுத்துதான் விழுகிறது. டோன் என்று குரல் ஏற்ற இறக்கம் நான்கு வேறு இருக்கிறதாம். எதில் தொடங்குவது, எதை விடுவது? சீன எழுத்தும் படிக்க வேண்டுமா?

என் அம்மா கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வயதான ஆச்சி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார். "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்று ஆச்சி சொன்னால் அது வாய்வா, நெஞ்சா, மனசா என்று அம்மாவுக்குக் குரலிலேயே புரிந்துவிடும். அந்த அளவு எனக்குச் சீனத்தில் வராது. ஆனால் ஒருவர் வலிக்கிறது என்று சொல்லும்போது புரியாமல் நான் அவர் முன்னால் நிற்கக் கூடாது. அதற்கு வழி சொல்லுங்கள்.

தேவகோட்டை மாணவன்:

அக்கா, நான் சீனாவில் ஹூபெய் மாகாணத்தில் மருத்துவம் படிக்கிறேன். எங்களுக்குப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனால் வார்டுக்குள் போனால் நோயாளிகள் சீனம்தான் பேசுவார்கள். அதனால் எச்.எஸ்.கே. என்ற மொழித்தேர்வையும் எழுத வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தேர்வு எதுவும் இல்லையென்றால் எழுதப் பழக வேண்டாம். பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. நோய் சம்பந்தமான எழுத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கூரைக்குள் இருக்கும். மேலே ஒரு புள்ளி, அதன் கீழே படுக்கைக்கோடு, இடது பக்கம் சாய்ந்து இறங்கும் கோடு, அந்தக் கோட்டுக்கு வெளியே இரண்டு சின்னக் கீற்று. மனிதன் படுக்கையில் கிடக்கும் பழைய சித்திரத்திலிருந்து வந்த வடிவம் அது. நோய், வலி, அரிப்பு, சளி, புற்றுநோய் எல்லாவற்றிலும் இந்தக் கூரையைப் பார்க்கலாம். வயிறு, இடுப்பு, கால், நுரையீரல், மூளை போன்ற உறுப்புகளுக்கு இடது பக்கத்தில் நிலாவுக்கான எழுத்து மாதிரி ஒன்று நிற்கும். அங்கே அது நிலா இல்லை, சதையைக் குறிக்கும். இந்த இரண்டும் கண்ணுக்குப் பழகினால் மருந்துச் சீட்டைப் பார்த்ததுமே எது உறுப்பு, எது உபாதை என்று பிரித்துவிடலாம்.

அப்புறம் பெயரின் கடைசி அசையைக் கவனியுங்கள். 'பிங்' என்று முடிந்தால் நோய், 'யென்' என்று முடிந்தால் அழற்சி. சர்க்கரை நோய்க்கு 'தாங் நியாவ் பிங்' என்பார்கள். நிமோனியா 'ஃபெய் யென்'. புற்றுநோயை 'ஆய்' என்கிறார்கள். ஒரு காலத்தில் அதையும் 'யென்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வயிற்று அழற்சியும் வயிற்றுப் புற்றும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும் என்பதால் மாற்றிவிட்டார்களாம்.

கோட்டையூர் அக்கா:

தங்கச்சி, நான் சிங்கப்பூரில் முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தம்பி சொன்னது சரி, கூரையும் சதையும் உதவும். ஆனால் உன் வேலை எழுத்தில் இல்லை, காதில் இருக்கிறது. அதனால் வரிசையை மாற்றிச் சொல்கிறேன்.

நோய்ப் பெயர்களை முதலில் விட்டுவிடு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கேஸ் ஷீட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ராத்திரியில் கூப்பிடுகிற பாட்டி நோயின் பெயரைச் சொல்ல மாட்டார். இங்கே வலிக்கிறது, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, பாத்ரூம் போகணும் என்பார். அதனால் முதல் சொல் வலி. சீனத்தில் அதற்கு இரண்டு சொல் கேட்பாய், 'தெங்', 'தோங்'. பாட வீடியோக்களில் 'தெங்' அதிகம் வரும். சிங்கப்பூர்க்காரர்கள் வாயில் 'தோங்'தான் அதிகம். அதன் முன்னால் உறுப்பை வைத்தால் வாக்கியம் ஆகிவிடும். 'தோவ் தோங்' என்றால் தலைவலி. 'தூட்ஸ தோங்' வயிற்றுவலி. 'ஷியோங் கோவ் தோங்' நெஞ்சுவலி. தமிழில் நாம் சேர்ப்பது போலவேதான், நடுவில் வேற்றுமை உருபு எதுவும் கிடையாது.

கேட்பதற்கு 'நாலி தோங்?', எங்கே வலிக்கிறது? அவர் 'ஜேலி' என்று கை வைத்துக் காட்டுவார், இங்கே என்று அர்த்தம். கையை வைத்துவிட்டால் உறுப்பின் பெயர் உனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து நீ அங்கே மெல்லத் தொட்டு 'தோங் பு தோங்?' என்று கேள். வலிக்குதா வலிக்கலையா என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும் முறை அது. பதில் 'தோங்' அல்லது 'பூ தோங்' என்றுதான் வரும். நீளமான வாக்கியம் வராது, உனக்கும் தடுமாற்றம் இருக்காது. எல்லாக் கேள்வியையும் இந்த மாதிரியே அமைத்துக்கொள். என் அனுபவத்தில் நூறு உறுப்புப் பெயரைவிட இந்த ஒரு கேள்வி முறைதான் அதிகம் உதவியது.

இப்போது உன் வயிறும் வாந்தியும். 'தூட்ஸ'வில் வரும் தூ வேறு, வாந்திக்கான தூ வேறு. இரண்டும் ஒரே டோன், மேலிருந்து கீழே வெட்டி இறங்கும் நான்காவது டோன். வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. வயிற்றைச் சொல்லும்போது மூச்சு வெளியே வராது. வாந்தியைச் சொல்லும்போது காற்று சீறிக்கொண்டு வர வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பார். வாந்திக்குத் தாள் துடிக்கும், வயிற்றுக்கு அசையாது. நம் எழுத்தில் இந்தப் பிரிவு கிடையாது என்பதால் நாம்தான் குறியிட்டுக்கொள்ள வேண்டும். காற்று வரும் எழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஹ போடு. வயிறு 'தூ', வாந்தி 'த்ஹூ'. அந்தக் கணக்கில் மேலே 'தோவ்', 'தோங்' என்று நான் எழுதியதிலும் காற்று உண்டு, நோட்டில் 'த்ஹோவ்', 'த்ஹோங்' என்று திருத்திக்கொள்.

டோன் இல்லாமல் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் வேலையில் முடியாது. 'யாவ்' என்ற ஒரே அசையைப் பார். உயரத்தில் நீட்டிச் சொன்னால், அதாவது முதல் டோனில், இடுப்பு. "என்னது?" என்று கேட்கும்போது குரல் ஏறுகிற மாதிரி ஏற்றிச் சொன்னால் ஆட்டு என்று அர்த்தம், தலையை ஆட்டு என்கிறோமே, அது. தாழ்த்தி உள்ளே இழுத்துச் சொன்னால் கடி. வெட்டி இறக்கினால் மருந்து. நான்கும் வார்டில் நடமாடும் சொற்கள். இடுப்பு வலிக்கிறது என்கிறவரும் மருந்து வேண்டும் என்கிறவரும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். டோனைத் தனியாகப் பயிற்சி செய்யாதே, இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லிச் சொல்லிப் பழகு. எண்ணிலும் கவனம் தேவை. நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் டோனில்தான் பிரிகின்றன. அதனால் சீனர்கள் பலர் நாலாம் எண்ணையே தவிர்ப்பார்கள். நாலு மணி மருந்து என்று சொல்ல வேண்டி வந்தால் அந்த எண்ணை வெட்டி இறக்கித் தெளிவாகச் சொல்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. சுடுதண்ணீருக்கு 'ழெ ஷுவெய்' என்பார்கள். அந்த முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிகவும் பக்கம், மற்ற ஊர்க்காரர்கள் திணறுகிற இடத்தில் நமக்கு நாக்குத் தானாகவே வளையும். இந்தச் சொல் தினமும் வேண்டியிருக்கும். வெயில் என்றால் நம் பக்கம் பானைத் தண்ணீர் கொடுப்போம். அங்கே பெரியவர்கள் உடம்பு சரியில்லாத நேரத்திலும் மாத்திரை போடும்போதும் சூடான தண்ணீர்தான் கேட்பார்கள், குளிர்ந்த தண்ணீரை நீட்டினால் முகம் சுருங்கும்.

மருந்து 'சாப்பிடுவது' அவர்களுக்கும் சாப்பிடுவதுதான். 'ச்சி யாவ்'. சாப்பாட்டுக்கு முன் 'ஃபான் ச்சியென்', பின் 'ஃபான் ஹோவ்'. இரண்டு மாத்திரை என்னும்போது எண்ணுகிற இரண்டைச் சொல்லக் கூடாது, பொருளோடு வரும் இரண்டு வேறு. 'லியாங் பியென்' என்று சேர்த்தே மனப்பாடம் செய்.

உடம்புச் சூடு என்று நாம் சொல்கிறோமே, வாய்ப்புண், கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, மலச்சிக்கல், அதையெல்லாம் சேர்த்து 'ஷாங் ஹுவோ' என்பார்கள். தெர்மாமீட்டரில் ஏறும் காய்ச்சல் 'ஃபா ஷாவ்', அது தனி. ஒரு பாட்டி 'ஷாங் ஹுவோ' என்றால் கூடவேலை பார்க்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் டெம்பரேச்சர் எடுக்க ஓடுவார்கள். உனக்கு விளக்கமே தேவைப்படாது. பாசிப்பயறு குளிர்ச்சி, பொரித்தது சூடு என்ற கணக்குக்கூட நம் வீட்டுக் கணக்குத்தான்.

வாய்வும் அப்படியே. காற்றுக்கு 'ஃபெங்' என்று பெயர். இங்கே நம் பக்கம் சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் கோடாலித் தைலம் கேட்போம் இல்லையா, 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கிய சீனக் கம்பெனியின் தைலம் அது. அதன் சீனப் பெயரிலேயே காற்றை விரட்டும் எண்ணெய் என்று இருக்கிறது. பெரியவர்கள் 'ஃபெங் யோவ்' என்று கேட்பது இந்த மாதிரித் தைலத்தைத்தான். ஆனால் 'ஜோங் ஃபெங்' என்று காதில் விழுந்தால் உடனே நிமிர வேண்டும். அது பக்கவாதம். நாமும் அதில் வாதம் என்றுதானே சொல்கிறோம்.

இன்னொன்று முக்கியம். இதுவரை நான் சொன்னது மாண்டரின் என்ற பொதுச் சீனம். அதை மட்டும் படித்துக்கொண்டு போனால் பாதி நேரம் காது கைவிடும். மாண்டரின் பேசுங்கள் என்று அரசாங்கம் இயக்கம் தொடங்கியதே 1979-இல்தான். அதற்கு முன்னால் வளர்ந்தவர்கள் வீட்டில் ஹொக்கியன், தியோச்சியூ, கண்டனீஸ் என்று வேறு சீன மொழிகளைப் பேசியவர்கள். வயதாக ஆக, குறிப்பாக மறதி நோய் வந்தவர்களுக்கு, பிள்ளைப் பருவத்து மொழிதான் கடைசிவரை நிற்கிறது, நான் கண்ணால் பார்த்தது அது. ஹொக்கியனில் வலி 'தியா', மூக்கால் சொல்ல வேண்டும். தலைவலி 'தாவ் காக் தியா', வயிற்றுவலி 'பாக் தோ தியா', வயிற்றுப்போக்கு 'லாவ் சாய்', உடம்பில் தெம்பில்லை என்பது 'போ லாட்', மருந்து சாப்பிடு 'ஜியா யோ'. கண்டனீஸில் வலி 'துங்', மருந்து சாப்பிடு 'சிக் யொக்'. இவ்வளவு போதும்.

காலையில் கட்டில் பக்கம் போனதும் 'ஜியா பா புவே?' என்று கேள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். "சாப்பிட்டீகளா" என்று கேட்காமல் நம் ஊரில் யாரிடமாவது பேச்சைத் தொடங்குவோமா? பாட்டியை 'ஆ மா', தாத்தாவை 'ஆ கோங்' என்று கூப்பிடு. படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதே. முறை சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் வாயைத் திறந்து பேசுவார்கள், பேசினால்தான் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும்.

கண்டனூர் செவிலி:

அக்கா, ரொம்ப நன்றி. தாள் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது! தம்பிக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போவதையெல்லாம் மரியாதையாக எப்படிக் கேட்பது? இன்னொன்று, மலாய் கொஞ்சம் உதவும் என்று இங்கே ஒருவர் சொன்னார், உண்மையா?

பள்ளத்தூர்க்காரர்:

மலாய் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் அப்பச்சி சின்ன வயதில் பினாங்கில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர்கள். கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போனவர்கள் சீனரோடு பேசியதும் மலாய்க்காரரோடு பேசியதும் பெரும்பாலும் சந்தை மலாயில்தான். அந்தத் தலைமுறைச் சீனர்களுக்கும் அது தெரியும், சிங்கப்பூரிலும் அப்படியே. 'சாக்கிட்' என்றால் வலியும் அதுதான், நோயும் அதுதான். 'சாக்கிட் கெப்பாலா' தலைவலி. கெப்பாலாவில் நம் கபாலம் இருக்கிறது, மறக்காது. 'சாக்கிட் பெருட்' வயிற்றுவலி, 'ஊபாட்' மருந்து, 'மாக்கான்' சாப்பிடுவது. டோன் கிடையாது என்பதால் நாக்குக்கு எளிது. சீனம் கைகொடுக்காத இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள் ஆத்தா, சில பெரியவர்கள் சட்டென்று முகம் திருப்பிப் பார்ப்பார்கள். அப்பச்சி கடைசிக் காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது எங்களிடமே இரண்டொரு மலாய்ச் சொல் பேசியிருக்கிறார்கள்.

கோட்டையூர் அக்கா:

ஐயா சொன்னது உண்மை. வார்டில் நானும் 'சாக்கிட்'டைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

தங்கச்சி, உன் முதல் சந்தேகத்துக்கு. ஒண்ணுக்கு 'ஷியாவ் பியென்', ரெண்டுக்கு 'தா பியென்'. சின்னது, பெரியது என்று பிரித்துச் சொல்வதுதான், ஆஸ்பத்திரியில் யாரும் கூச்சப்படாத சொற்கள். அதிலும் கேள்வி முறை ஒன்று உண்டு, 'யோவ் மெய் யோவ்' என்பதை முன்னால் வை. 'யோவ் மெய் யோவ் தா பியென்?' என்றால் போயாச்சா இல்லையா. பதில் 'யோவ்' அல்லது 'மெய் யோவ்'. சத்தமாகக் கேட்காதே, திரையை இழுத்துவிட்டுக் குனிந்து காதருகில் கேள். மானம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

புரட்டிப் படுக்க வைக்கும்போது 'ஃபான் ஷென்' என்று சொல்லிவிட்டுத் தொடு. நடக்க வைக்கும்போது 'மான் மான் லாய்', மெதுவாக வாங்க. பிரஷர் பார்க்கும்போது 'லியாங் ஷுவெ யா'. சொல்லாமல் கையைப் பிடித்தால் பயந்துபோவார்கள்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தூக்கத்திலும் மறக்கக் கூடாது. இவற்றைப் பேசுவதற்காக இல்லை, கேட்டதும் ஓடுவதற்காகப் படி. நெஞ்சுவலியை மேலே சொல்லிவிட்டேன். 'ச்சுவான் பு குவோ ச்சீ' மூச்சு வாங்க முடியவில்லை. 'தோவ் யுன்' தலைசுற்றல். 'ஷோவ் மெய் லீ' கையில் பலமில்லை, ஒரு பக்கம் மட்டும் என்றால் உடனே. 'தியே தாவ்' கீழே விழுந்தது. 'குவோ மின்' ஒவ்வாமை. இவற்றை ஃபோனில் ஒரு சீனக் குரலில் பதிந்து வைத்துக்கொள். பிளெக்கோ என்ற அகராதி செயலியில் சொல்லைத் தட்டினால் உச்சரிப்பு கேட்கும். பஸ்ஸில் போகும்போது காதில் போட்டுக்கொள், அர்த்தத்தை நினைக்காமல் முதலில் ஓசையை மட்டும் பிடி.

அப்புறம், நீ படித்த சீனத்தை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மருந்து அளவை மாற்றுவது, அறுவைக்குச் சம்மதம் கேட்பது, ரிசல்ட் சொல்வது, இதற்கெல்லாம் மொழி நன்றாகத் தெரிந்த ஸ்டாஃப் நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும், எவ்வளவு சரளமாக வந்தாலும். வீட்டார் கொண்டுவந்து கொடுக்கும் சீன மருந்தை, 'ஜோங் யாவ்' என்பார்கள், தலையணைக்கடியில் பார்த்தாலும் சொல்லிவிடு. பாட்டி கோபித்துக்கொள்வார். ஆனால் பிரஷர் மாத்திரையோடு அது சேருமா சேராதா என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லை.

நோட்டை இப்படி வை. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு நிலைமை: வயிறு, தலை, விழுந்தது, மருந்து வேளை. உறுப்பு வரிசை வேண்டாம். நடுவில் தமிழ் எழுத்தில் ஓசை, காற்று வந்தால் சின்ன ஹ, தலைக்கு மேல் டோனுக்கு ஒரு கோடு. முதல் டோனுக்கு நேர்கோடு, இரண்டுக்கு ஏறும் கோடு, மூன்றுக்குக் குழி, நான்குக்கு இறங்கும் கோடு. ஓரத்தில் ஹொக்கியனும் மலாயும். இடம் விட்டு எழுது, அங்கே போனதும் அந்தப் பாட்டிகளே மீதியைச் சொல்லித்தருவார்கள், அவர்கள் சொல்கிற மாதிரியே அந்த இடத்தில் எழுதிக்கொள்.